நாடாவை அறுத்த மடக்குக் கத்தி: பையில் வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: பொதிகளைத் தரம் பிரித்து அனுப்பும் கிடங்கில் வேலை செய்கிறேன். சென்ற மாதம் என் நண்பர் கழுத்தில் மாட்டியிருந்த அடையாள அட்டையின் நாடா, பொதிகளை நகர்த்தும் கன்வேயரின் உருளையில் சிக்கி, அவரைக் கழுத்தோடு இழுத்துவிட்டது. மூத்த தொழிலாளி ஒருவர் தன் மடக்குக் கத்தியால் நாடாவை அறுத்துக் காப்பாற்றினார். அரை மணி நேரத்தில் நண்பர் வேலைக்குத் திரும்பிவிட்டார். ஆனால் நிர்வாகம் அந்தக் கத்தியைப் பறிமுதல் செய்து, இனி யாரிடம் கத்தி இருந்தாலும் வேலைநீக்கம் என்று அறிவித்திருக்கிறது. விசாரணையும் நடக்கிறது. நானும் ஒரு கத்தி வைத்துக்கொள்ளலாமா? எந்தக் கத்தி நல்லது?

பதில்: கத்தியைப் பற்றிப் பிறகு பேசுவோம். உங்கள் நண்பரை மருத்துவரிடம் காட்டினீர்களா? அரை மணி நேரத்தில் வேலைக்குத் திரும்பினார் என்று நீங்கள் நிம்மதியோடு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதைப் படித்ததும் நிம்மதி போய்விட்டது. கழுத்து இறுகியவருக்கு வெளியே ஒரு சிவந்த கோடு மட்டும் தெரியலாம். உள்ளே தொண்டை வீங்குவதற்குப் பல மணி நேரம் ஆகலாம். மூளைக்குச் செல்லும் ரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்திருந்தால் நாட்கள் கழித்துக்கூடப் பக்கவாதம் வரலாம். குரல் கரகரப்பு, விழுங்கும்போது வலி, தலைச்சுற்றல், ஒரு பக்கம் மரத்துப்போதல், இவற்றில் ஏதாவது அவருக்கு இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். இருந்தால் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒன்றும் இல்லை என்று சொன்னாலும் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

இப்போது உங்கள் கேள்வி. தடை நடப்பில் இருக்கும்வரை கத்தியை ஒளித்து எடுத்துச் செல்லாதீர்கள். அதனால் உங்கள் வேலை போகும். விசாரணையில் அந்த மூத்தவரின் தரப்பும் பலவீனமாகும். ஆனால் உங்கள் நிர்வாகத்தின் முடிவு சரி என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். கழுத்தின் இரு பக்க ரத்தக் குழாய்களும் நெரிபட்டால் பத்துப் பதினைந்து விநாடிகளுக்குள் நினைவு தப்பிவிடும். அந்த நேரத்துக்குள் கைக்கு எட்டும் தூரத்தில் அறுப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டும். இருந்தது அந்த மனிதரின் பையில் மட்டும்தான். அதைப் பறித்துக்கொண்டவர்கள் பதிலுக்கு அந்த இடத்தில் எதை வைத்தார்கள்?

நாடாவைப் பற்றிச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியவில்லை. சுழலும் உருளைக்கு அருகில் நிற்பவரின் கழுத்தில் எதையும் தொங்கவிடக் கூடாது என்பது இத்தொழிலின் அரிச்சுவடி. அட்டையை மாட்டியே தீர வேண்டும் என்று அலுவலக மேசையில் அமர்ந்து விதி எழுதுகிறவர்கள் உருளைப் பக்கம் வந்து பார்ப்பதில்லை. அட்டையைச் சட்டைப் பையில் கிளிப் போட்டு மாட்டலாம். நாடாதான் வேண்டுமென்றால், பலமாக இழுத்தால் தானே கழன்றுகொள்ளும் பிளாஸ்டிக் இணைப்பு பின்கழுத்தில் உள்ள நாடாவை வாங்கலாம். அப்படி ஒன்று இருந்திருந்தால் உங்கள் நண்பருக்குக் கத்தியே தேவைப்பட்டிருக்காது. ஆனால் மொத்தமாக வாங்கித் தரும் இடைத்தரகர்கள் இங்கேயும் விளையாடுகிறார்கள். அவர்கள் காட்டும் மாதிரியில் அந்த இணைப்பு இருக்கும். வந்து இறங்கும் சரக்கில் அது வெறும் அலங்காரமாக, பசை போட்டு ஒட்டப்பட்டிருக்கும். இரண்டு கைகளாலும் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். கழலவில்லை என்றால் அது கழுத்துக்கு ஆகாது.

கத்திக்கு வருகிறேன். இழுபட்டு விறைத்து நிற்கும் பாலியஸ்டர் நாடாவை அறுக்கப் பெரிய கத்தி வேண்டியதில்லை. ஆறு முதல் எட்டு சென்டிமீட்டர் நீள அலகு தாராளம். ஒரே கையால் திறக்க வேண்டும், கையுறையோடும் திறக்க வேண்டும். விரல் மேல் மடங்கி விழாதபடி அலகு பூட்டிக்கொள்ள வேண்டும். சுவிஸ் கத்தி என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிற அந்தச் சிவப்புக் கத்தி அருமையான கருவிதான். ஆனால் அதன் மூதாதையான 1891-ஆம் ஆண்டுப் படைவீரர் கத்தி, துப்பாக்கியைப் பிரிக்கவும் உணவு டின்னைத் திறக்கவும் உருவானது. இரண்டும் நிதானமாக உட்கார்ந்து செய்கிற வேலைகள். அதன் வழிவந்த பெரும்பாலான கத்திகளை இன்றும் நகத்தால் நெம்பித்தான் திறக்க வேண்டும். நண்பரின் முகம் கறுத்துக்கொண்டிருக்கும்போது நகம் அந்தப் பள்ளத்தில் பதியாது.

உங்களுக்கு நான் இதைவிட அதிகமாகப் பரிந்துரைப்பது கத்தியையே அல்ல. கொக்கி வடிவ வெட்டியைத்தான். வாகன சீட் பெல்ட்டை அறுக்க வைத்திருப்பார்களே, அதுதான். அலகு குறுகிய பள்ளத்துக்குள் இருக்கும்; முனை கிடையாது; நடுங்குகிற கை பட்டாலும் தோலை எளிதில் கிழிக்காது. எந்த மேலாளரும் அதை ஆயுதம் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு கன்வேயரின் தூணிலும் ஒன்றைத் தொங்கவிடச் சொல்லிக் கேளுங்கள்.

வாங்கும்போது ஏமாறாதீர்கள். 'அறுவை சிகிச்சைத் தர எஃகு' என்று உறையில் போட்டிருந்தால் அதற்கு எந்த அர்த்தமும் இல்லை. அந்தப் பெயரில் வரையறுத்த ஒரு தரம் கிடையாது. 'ராணுவத் தரம்' என்பதும் அதே ரகம். எஃகின் வகைப் பெயரைச் சொல்லாத விற்பனையாளரை விட்டு நகர்ந்துவிடுங்கள். அமெரிக்க மலையேறி ஆரன் ரால்ஸ்டன் 2003-இல் பாறையிடுக்கில் கை மாட்டிக்கொண்டு ஐந்து நாட்கள் கிடந்தபோது, அவரிடம் இருந்தது மழுங்கிப்போன மலிவான பல்பயன் கருவி. தன் கையைத் தானே அறுத்துக்கொண்டு வெளியேற வேண்டியிருந்த மனிதருக்கு அந்தக் கருவி எத்தனை வேதனையைக் கூட்டியிருக்கும்! நான் ஆய்வுக்குப் போன ஒரு கிடங்கில், தரகர் நிரப்பிக் கொடுத்த 'அவசர மீட்புப் பை' சுவரில் பளபளவென்று தொங்கியது. உள்ளே இருந்த கத்தரிக்கோலால் அந்தப் பையின் பிளாஸ்டிக் உறையைக்கூட என்னால் வெட்ட முடியவில்லை. முந்தைய மூன்று தணிக்கைகளில் அந்தப் பைக்கு 'உள்ளது' என்று குறியிட்டிருந்தார்கள். திறந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை. இந்தக் குறியிடும் வழக்கம் ஒழியாதவரை தொழிலாளி தன் பையில் இருப்பதைத்தான் நம்பியாக வேண்டும்.

நல்லதை வாங்கிய பிறகும் அதைக்கொண்டு அட்டைப் பெட்டிகளை அறுக்காதீர்கள். பெட்டியின் அட்டை எந்த அலகின் கூர்மையையும் தின்றுவிடும். ஒட்டு நாடாவின் பசை அலகில் படிந்துவிடும். பழைய நாடா ஒன்றைக் கம்பியில் கட்டி, விறைப்பாக இழுத்துப் பிடித்து, மாதம் ஒருமுறை அறுத்துப் பாருங்கள். ஒரே இழுப்பில் போக வேண்டும்.

அறுக்கும் முறை இதுதான். முதலில் அவசர நிறுத்தப் பொத்தான், அல்லது கன்வேயர் ஓரமாக ஓடும் இழுப்புக் கயிறு. இரண்டு பேர் இருந்தால் ஒருவர் பொத்தானுக்கும் ஒருவர் நாடாவுக்கும் போக வேண்டும். பொத்தானை அழுத்திய பிறகும் உருளை சற்று நேரம் ஓடலாம் என்பதால் கையை அதன் அருகே கொண்டுபோகாதீர்கள். கழுத்துக்கும் நாடாவுக்கும் நடுவில் கத்தியை நுழைக்காதீர்கள். கழுத்தைத் தாண்டி விறைத்து நிற்கும் பகுதியில், உருளையிலிருந்து தள்ளி, கூர் அவருக்கு எதிர்ப்பக்கம் இருக்கும்படி வைத்து அறுங்கள். நாடாவின் இரு பக்கங்களில் ஒன்று முழுதாக அறுபட்டாலே வளையம் திறந்துவிடும்.

ஒரே ஒரு விலக்கைப் பலமுறை சொல்லியாக வேண்டும்: பாரம் தாங்கி நிற்கும் எதையும் அறுக்காதீர்கள். நாடாவை அறுத்து ஒருவர் பிழைத்ததைப் பார்த்தவர்களுக்கு, அடுத்த முறை விறைத்த எதைக் கண்டாலும் கத்தியை எடுக்கத் தோன்றும். சரக்கைக் கட்டிய பட்டையை அறுத்தால் சரக்கு சரியும். நைலான் கயிறு ரப்பர் போல நீளும். பெரும் இழுப்பில் இருக்கும்போது அறுபட்டால் சாட்டையாகத் திரும்பி வந்து கைகால்களை முறிக்கும், கப்பல் தளங்களில் உயிர்களையே பறித்திருக்கிறது. பாதுகாப்புக் கச்சையில் ஒருவர் அந்தரத்தில் தொங்கினால், அவர் எடையைக் கீழிருந்து தாங்கிக்கொள்ளாமல் அறுத்தால் அவரை நீங்களே கீழே தள்ளியதாகும். கவிழ்ந்த வண்டியில் சீட் பெல்ட்டில் தலைகீழாகத் தொங்குபவருக்கும் இதே விதிதான்: தோளையும் தலையையும் ஒருவர் ஏந்திய பிறகே அறுக்க வேண்டும். அறுத்தால் எது விழும், எது தெறிக்கும் என்ற கேள்விக்கு விடை தெரியும்வரை அலகைத் திறக்காதீர்கள். மின்கம்பிக்கும் மடக்குக் கத்தி ஆகாது. அதன் பிடி மின்காப்புக்காகச் செய்யப்பட்டதல்ல.

வேலையிடத்துக்கு வெளியே சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டில்லாத மடக்குக் கத்தியைக் காரணம் சொல்லாமல் வைத்திருக்கலாம். பூட்டு இருந்தால் தக்க காரணம் காட்ட வேண்டும். உங்கள் ஊர்ச் சட்டத்தை நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 'கத்தி அனுமதி வாங்கித் தருகிறேன்' என்று வருபவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

விசாரணைக்கு ஒரு குறிப்பு. அவசர நிறுத்தம் ஒரு துணை ஏற்பாடு மட்டுமே, பாதுகாப்பு மூடிக்கு அது ஈடாகாது என்று ஐஎஸ்ஓ 13850 என்ற சர்வதேசத் தரநிலை சொல்கிறது. ஆகவே 'பொத்தான் இருந்ததே' என்ற பதிலை ஏற்காதீர்கள். அந்த உருளையின் மேல் மூடி இருந்ததா, யார் எப்போது கழற்றினார்கள், பொத்தான் எத்தனை அடி தள்ளி இருந்தது, நாடாவை மாட்டச் சொன்ன சுற்றறிக்கை எது, இவற்றை நீங்கள் கண்டபடி எழுதி, தேதியிட்டு, கையெழுத்துப் போட்டு, நகல் ஒன்றை வைத்துக்கொண்டு கொடுங்கள். கத்தி வெளியே வந்த விநாடியிலிருந்துதான் அவர்களுடைய அறிக்கை தொடங்கும். உங்களுடையது நாடா உருளையைத் தொட்ட விநாடியிலிருந்து தொடங்கட்டும்.