ஒரே ஆள் ஏன் மூன்று முறை வருகிறார்?

சோச்சி 2014 பனிச்சறுக்கு ஆண்கள் டீம் ஸ்பிரின்ட் ரீப்ளேயில் அதே முகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன, யார் முன்னால் என்றே புரியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அணிக்கு இரண்டே பேர்தான், ஆளுக்கு மூன்று சுற்று, மாறி மாறி. ஓட்டப்பந்தய ரிலே மாதிரி பேட்டன் எல்லாம் கிடையாது. மூச்சு வாங்க வருகிறவர் கூட்டாளியின் முதுகில் கையால் ஒரு தட்டு தட்டினால் போதும், அவர் கிளம்பிவிடுவார். முகத்தைத் தேடாமல் சீருடை நிறத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். நேரமில்லையா, சரி, ஆறாவது சுற்றை மட்டும் பாருங்கள். பின்லாந்தின் யௌஹோயார்வியோடு சிக்கி ஜெர்மனியின் சார்ன்கே விழுவார், தங்கம் பின்லாந்துக்கு. ஜெர்மனி முறையிட்டும் நடுவர்கள் ஏற்கவில்லை. எனக்கென்னவோ சார்ன்கேயைப் பார்த்தால் இன்னமும் பாவமாகத்தான் இருக்கிறது.