கறுப்பு மணலும் அருமண் கணக்கும்

கேள்வி: வாடைக்காலம் முடிய கொக்கிளாய்க் கரையில் கறுப்பு மணல் திட்டுத் திட்டாகக் கிடக்கிறது. அப்படியென்றால் கடலடியிலும் அருமண் மூலகங்கள் (சீரியம், இயூரோப்பியம் போன்ற உலோகங்கள்) இருக்கத்தானே வேண்டும்? ஒரு வாளி அள்ளிப் பரிசோதித்தால் போதாதா?
– வாசகர், முல்லைத்தீவு

பதில்: போதாது. கரையில் அள்ளிய வாளி ஆளை ஏமாற்றும். இறங்கும் அலை 2.65 அடர்த்தியுள்ள குவார்ட்சு மணலை இழுத்துப் போகும், 4.7 அடர்த்தியுள்ள இல்மனைட்டும் 5 அளவு அடர்த்தியுள்ள மொனசைட்டும் பின்தங்கும். கறுப்பாகத் தெரிவதில் பெரும்பங்கு இல்மனைட், அது தைத்தேனியத் தாது. அருமண் இருப்பது முக்கியமாக மொனசைட்டில். அதுவோ பக்கத்துப் புல்மோட்டையிலேயே கனமான கனியங்களில் 1 வீதத்தைத் தொடாது.

கடலடியில் கவ்வி அள்ளும் கருவி மேற்படையை மட்டுமே தரும். அதன் வாயில் ஒரு சிப்பி ஓடு சிக்கினால் தூக்கும்போதே நுண்மணல் கழுவுண்டு போய்விடும். அந்த மாதிரியைக் கொட்டிவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். ஆழத்துக்கு, அதிர்ந்தபடி மணலுக்குள் இறங்கும் அதிர்வுக் குழாய்தான் சரி. வெறும் பாரத்தில் இறங்கும் குழாய் சேற்றுக்கு உதவும், இறுகிய மணலில் நின்றுவிடும்.

ஆய்வுகூடத்தில் உப்பைக் கழுவி, உலர்த்தி, 2 மி.மீ. அரிதட்டில் சலித்து, பங்குபிரிப்பியால் பாதி பாதியாகக் குறைக்க வேண்டும். கரண்டியால் மேலாக அள்ளுவது கூடாது, கனமணிகள் அடியில் தங்கிவிடும். சிப்பித் தூளைப் போக்க ஐதரோகுளோரிக்கமிலம் ஊற்றுபவர்கள் உண்டு. அருமண் தாங்கிய அப்பற்றைற்று என்ற கனியமும் அதோடு கரைந்துபோகும். ஐதான அசற்றிக்கமிலம் மேல்.

அதிகம் பிழை நேர்வது மாதிரியை அமிலத்தில் கரைப்பதில். நைத்திரிக்கமிலமும் ஐதரோகுளோரிக்கமிலமும் கலந்த கலவை மொனசைட்டை முழுதாகக் கரைக்காது, சிர்க்கோன் என்ற இன்னொரு கனமான கனியத்தைத் தொடவே தொடாது. கரையாதது கணக்கில் வராது, அறிக்கையில் அருமண் குறைந்து தெரியும். மாவாக அரைத்து, உருகுதலுக்கு உதவும் இலிதியம் மெற்றாபோரேற்றுடன் சுமார் 1000 பாகை செல்சியசில் உருக்கி, பிறகு ஐதான நைத்திரிக்கமிலத்தில் கரைத்து மூலகங்களைத் திணிவு வாரியாகப் பிரித்து அளக்கும் ஐ.சி.பி.-எம்.எஸ். கருவியில் அளக்க வேண்டும். இயூரோப்பியம் மட்டும் துருத்திக்கொண்டு நின்றால் பேரியத்தைப் பாருங்கள்: பேரியம் ஒட்சைட்டு அதே திணிவில் வந்து அதன் வேடம் போடும்.

கேள்வி: காந்தம் பிடித்தால் மொனசைட் ஒட்டுமா?
– வாசகர், மாங்குளம்

பதில்: கைக்காந்தத்தில் மக்னற்றைற்று என்ற இரும்புத் தாதுதான் நன்றாக ஒட்டும். மொனசைட்டுக்கு வலுவான மின்காந்தம் வேண்டும். அதைவிட நல்ல தடயம் மொனசைட்டிலுள்ள தோரியம் என்ற கதிர்வீசும் மூலகம். காமாக் கதிர்மானியில் உடனே தெரியும். அதே தோரியத்துக்காகத்தான், பிரித்தெடுத்த கறுப்பு மணலை வீட்டுக்குள் வைத்திருக்க வேண்டாம் என்கிறோம்.