போரா, சமாதானமா? சிவிலைசேஷன் 6 வெற்றி வழிகள்: கேள்வி பதில்

இந்தப் பதில்கள் கேதரிங் ஸ்டார்ம் விரிவாக்கம் சேர்த்த சிவிலைசேஷன் 6 என்ற கணினி வியூக விளையாட்டுக்கு உரியவை. இதில் ஒரு நாட்டை டர்ன் டர்னாக (முறை முறையாக) ஆடி வளர்க்க வேண்டும். தனியாகச் சொல்லாத இடங்களில் ஸ்டாண்டர்டு வேகம், 8 நாடுகள் உள்ள ஸ்டாண்டர்டு வரைபடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணா, எந்த வெற்றிக்குப் போகணும்னு ஆட்டம் தொடங்கும்போதே முடிவு பண்ணிடணுமா?

பதில்: தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதி முடிவு வந்துவிடும். சுமேரியத் தலைவர் கில்கமெஷ் எடுத்தால் போர் ரதம் முதல் டர்னிலிருந்தே கிடைக்கும், அதற்குக் குதிரை வளமும் தேவையில்லை. கொரியா எடுத்தால் சோவொன் (கொரியாவின் கேம்பஸ், அதாவது அறிவியல் மாவட்டம்) ஒவ்வொன்றும் 4 அறிவியலோடு தொடங்கும். மீதிப் பாதியை வரைபடம்தான் சொல்லும். சுமார் 40-வது டர்ன் வரை சாரணரை அனுப்பிவிட்டு மூன்று விஷயம் பாருங்கள். பக்கத்து நாட்டின் தலைநகரம் எத்தனை கட்டம் தள்ளி இருக்கிறது? நடுவில் மலையோ கடலோ மறிக்கிறதா? இரும்போ குதிரையோ உங்கள் எல்லைக்குள் இருக்கிறதா? தலைநகரம் 10-12 கட்டத்துக்குள், வழி திறந்த நிலம், கையில் இரும்பு என்றால் அந்தப் பக்கத்து நாட்டை எடுத்துவிடுவது நல்லது. நீங்கள் கடைசியில் போகப்போவது அறிவியல் வெற்றிக்கே ஆனாலும் இது பொருந்தும். ஐந்து ஆறு நகரம் தயாராகக் கிடைப்பதற்கு ஈடாக எந்த கேம்பஸும் இல்லை. போர், சமாதானம் இரண்டையும் எதிரெதிர்ப் பாதைகளாகப் பார்க்காதீர்கள். ஆரம்பப் போர் நிலம் சேர்க்கும் வேலை. வெற்றி வகையைப் பிறகு தேர்ந்தெடுக்கலாம்.

கேள்வி: டாமினேஷன் (படையெடுத்து வெல்லும்) வெற்றிக்கு எல்லா நகரத்தையும் பிடிக்கணுமா?

பதில்: வேண்டாம். ஒவ்வொரு நாட்டின் அசல் தலைநகரம் உங்கள் கையில் இருந்தால் போதும், அதாவது ஏழு நகரம். உங்கள் தலைநகரமும் உங்களிடமே இருக்க வேண்டும். அசல் தலைநகரத்தை இடித்துத் தள்ள ஆட்டம் விடாது, மற்ற நகரங்களைத் தாண்டிப் போகலாம். ஆனால் தலைநகரத்தை மட்டும் தனியாகப் பிடித்தால் லாயல்டி (நகரம் உங்கள் பக்கம் நிற்கும் பற்று) சிக்கல் வரும். அதற்குக் கீழே பதில் இருக்கிறது.

கேள்வி: படை பெரிசா இருந்தும் நகரத்துச் சுவரில் மோதி மோதி அழிஞ்சு போகுது. என்ன தப்பு?

பதில்: பெரும்பாலும் காலம்தான் தப்பு. இந்த ஆட்டத்தில் சண்டை, பலங்களின் வித்தியாசத்தை வைத்து நடக்கிறது. சம பலம் என்றால் இரண்டு பக்கமும் சுமார் 30 சேதம். வித்தியாசம் 17 ஆனால் நீங்கள் கொடுப்பது ஏறக்குறைய இரட்டிப்பாகும், வாங்குவது பாதியாகும். 35 பலமுள்ள வாள்வீரர் 20 பலமுள்ள வாரியரை அடித்தால் சுமார் 55 சேதம் கொடுத்து 16 வாங்குவார், இரண்டு அடியில் வாரியர் காலி. அதே வாள்வீரர் இருபது டர்ன் தாமதித்து வந்து சுவரும் கிராஸ்போ வில்லாளியும் உள்ள நகரத்தைச் சந்தித்தால் அவர்தான் காலி.

அதனால் போருக்கு மூன்று ஜன்னல்தான் திறக்கும். முதலாவது, எதிரி வலுவான சுவர் கட்டுவதற்கு முன். மூன்று நான்கு வாள்வீரர், இரண்டு மூன்று ஆர்ச்சர், ஒரு பேட்டரிங் ராம் (சுவரை இடிக்கும் தூலம்) போதும். ராம் இல்லாமல் கைகலப்புப் படை சுவரில் மோதினால் அடியில் பெரும்பகுதி வீண். ராம் பழங்காலச் சுவருக்கு மட்டுமே வேலை செய்யும், இடைக்காலச் சுவர் வந்துவிட்டால் சீஜ் டவர் (முற்றுகைக் கோபுரம்) வேண்டும். இரண்டாவது ஜன்னல் மஸ்கட்டும் (துப்பாக்கிப் படை) பம்பார்டும் (பழைய பீரங்கி) கையில் வந்ததும். ஸ்டீல் ஆராய்ச்சி முடித்த நாட்டுக்கு எல்லா நகரத்திலும் தானாகவே வலுவான பாதுகாப்பு வந்துவிடும், அப்போது ராமும் டவரும் பயன்படாது. ஆகவே எதிரி ஸ்டீலை எட்டும் முன் இந்த ஜன்னலை முடித்துவிடுங்கள். மூன்றாவது, குண்டுவீச்சு விமானம். அல்லது பீரங்கியோடு அப்சர்வேஷன் பலூன்: பலூன் பக்கத்தில் நின்றால் பீரங்கியின் வீச்சு 2-லிருந்து 3 ஆகும், நகரத்தின் திருப்பி அடி அதை எட்டாது.

இன்னொரு பிழை, நகரத்தை முழுசாகச் சுற்றி வளைக்காமல் அடிப்பது. வெளியே போகும் வழி ஒன்று திறந்திருந்தாலும் நகரம் ஒவ்வொரு டர்னும் தேறிக்கொண்டே இருக்கும். ஆறு கட்டத்திலும் ஆள் நிற்க வேண்டியதில்லை. கைகலப்புப் படையின் கட்டுப்பாட்டு வட்டம் பக்கத்துக் கட்டங்களையும் சேர்த்து அடைக்கும், நிலமாக இருந்தால் எதிரெதிர்ப் பக்கம் இரண்டு மூன்று படை போதும். துறைமுக நகரம் என்றால் கடல் பக்கம் ஒரு கப்பல் கட்டாயம்.

கேள்வி: இரும்பு, நைட்டர் (வெடியுப்பு) எப்போதும் பத்தலை. எவ்வளவு சேர்த்துவிட்டுப் போருக்குப் போகலாம்?

பதில்: மேம்படுத்திய ஒரு சுரங்கம் டர்னுக்கு 2 தரும். ஒரு வாள்வீரருக்கு 20 இரும்பு, ஒரு மஸ்கட்டுக்கு 20 நைட்டர். கிடங்கில் முதலில் 50-க்கு மேல் தங்காது. என்கேம்ப்மென்ட்டில் (படை மாவட்டம்) கட்டும் ஒவ்வொரு கட்டடமும் அந்த வரம்பை 10 உயர்த்தும். மூன்று பம்பார்டும் நான்கு மஸ்கட்டும் என்றால் 140 நைட்டர், இரண்டு சுரங்கம் இருந்தால் 35 டர்ன். வரம்பு 50 என்பதால் மொத்தமும் சேரட்டும் என்று காத்திருந்தால் மிச்சம் வீணாகும், வர வர கட்டிக்கொண்டே போக வேண்டும். சிக்கனமான வழி இது: பழைய படையைச் சாக விடாமல் காப்பாற்றி, தங்கம் சேர்த்து, புரொஃபெஷனல் ஆர்மி கார்டு (அரசுக் கொள்கை அட்டை) போட்டு ஒரே டர்னில் அப்கிரேட் செய்யுங்கள். செலவு பாதியாகும். சிவிக் (பண்பாட்டு ஆய்வு) ஒன்று முடியும் டர்னில் கார்டு மாற்ற இலவசம் என்பதால் அப்கிரேடை அந்த டர்னுக்குத் தள்ளி வையுங்கள்.

கேள்வி: பிடித்த நகரம் எல்லாம் சில டர்னிலேயே கலகம் செய்து சுதந்திரம் ஆகிறது சார்.

பதில்: ஒன்பது கட்டத்துக்குள் இருக்கும் நகரங்களின் மக்கள்தொகைதான் லாயல்டியை இழுக்கிறது. எதிரியின் நடுவில் ஒற்றை நகரத்தை வைத்துக்கொண்டால் அது நிற்காது. ஓரத்திலிருந்து தொடங்கி அடுத்தடுத்த நகரமாகப் பிடியுங்கள். இரண்டாவது நகரம் விழுந்ததும் முதலாவதின் மீதுள்ள அழுத்தம் தளரும். ஆளுநரை அனுப்பினால் 8 லாயல்டி. விக்டர் 3 டர்னில் பதவியேற்பார், மற்றவர்களுக்கு 5 ஆகும், அதனால் போர்முனைக்கு அவர்தான் சரி. லிமிட்டானி கார்டு போட்டு உள்ளே ஒரு படையை நிறுத்தினால் இன்னும் 2. இதற்கும் நிற்காது என்று தெரிந்த, தலைநகரம் அல்லாத சின்ன நகரத்தைப் பிடிக்கும்போதே இடித்துவிடுவதே சரி.

கேள்வி: கல்ச்சர் வெற்றிக்கு ஆடும்போது, பண்பாட்டில் முன்னால் இருக்கும் நாட்டோடு போர் போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் பாதியில் நிறுத்துவதாக இருந்தால் போடவே வேண்டாம். காரணம் கணக்கில் இருக்கிறது: மற்ற ஒவ்வொரு நாட்டின் உள்நாட்டுப் பயணிகளையும்விட உங்களிடம் வரும் வெளிநாட்டுப் பயணிகள் அதிகமானால்தான் கல்ச்சர் வெற்றி. எதிரியின் உள்நாட்டுப் பயணிகள் அவர்கள் இதுவரை சேர்த்த மொத்தப் பண்பாட்டிலிருந்து வருகிறார்கள், ஏறத்தாழ 100-க்கு ஒருவர். ஐந்து நகரத்தில் நான்கைப் பிடித்தாலும் சேர்ந்த தொகை குறையாது, வளர்ச்சி மட்டும்தான் தளரும். இதற்கிடையே போரால் அந்த நாட்டோடு இருந்த வணிகப் பாதையும் திறந்த எல்லையும் போய்விடும். அவை இரண்டும் அந்த நாட்டின் மீதான உங்கள் சுற்றுலாவுக்குத் தலா 25 சதவீதம் கூட்டுகிறவை. 8 நாட்டு ஆட்டத்தில் ஒரு நாட்டிலிருந்து ஒரு பயணியை இழுக்க 1,600 சுற்றுலாப் புள்ளி செலவாகிறது என்பதை நினைத்துப் பாருங்கள், அந்த 50 சதவீதம் சின்ன விஷயமில்லை. எனவே கணக்கு இரண்டுதான்: அந்த நாட்டை முழுவதும் துடைத்துவிட முடியுமென்றால் உங்கள் முன்னால் இருக்கும் தடையே மறையும், அவர்களுடைய அதிசயங்களும் கலைப்படைப்புகளும் நகரத்தோடு கைமாறும். முடியாதென்றால் கை கொடுத்துப் பழகுங்கள். வணிகரை அனுப்புங்கள், ஆன்லைன் கம்யூனிட்டீஸ் கார்டு போடுங்கள், மத நம்பிக்கைப் புள்ளியை (ஃபெய்த்) சேர்த்து, அதில் வாங்கும் ராக் பேண்ட் இசைக்குழுவை அந்த ஒரு நாட்டின் மீதே குவியுங்கள்.

மியூசியத்தையும் கவனியுங்கள். கலை மியூசியத்தில் ஒரே வகைப் படைப்பு மூன்று, மூன்றும் வெவ்வேறு கலைஞர் என்றால்தான் தீமிங் (கூடுதல் சுற்றுலா தரும் தொகுப்புப் பலன்) வரும். தொல்பொருள் மியூசியத்தில் ஒரே காலத்துப் பொருள் மூன்று, வெவ்வேறு நாட்டினுடையது. இதைச் சரிசெய்ய மற்ற நாடுகளோடு படைப்புகளை மாற்றிக்கொள்ள வேண்டிவரும், அதற்கும் உறவு வேண்டும்.

கேள்வி: நான் அறிவியல் வெற்றிக்குத்தான் போவேன். படையே கட்டாமல் ஆடலாமா?

பதில்: கூடாது. பலவீனமான பக்கத்து நாடு என்று தெரிந்தால் கணினி வந்துவிடும், அதிலும் டெய்ட்டி (மிகக் கடினமான) நிலையில் அது மூன்று குடியேறிகளோடு தொடங்குகிறது, சண்டையில் ஒவ்வொரு படைக்கும் 4 பலம் கூடுதல். மூன்று ஸ்லிங்கர் (கவண் வீரர்) கட்டி, ஒன்றால் ஒரு காட்டுமிராண்டியைக் கொன்று யுரேகா (ஆராய்ச்சியை வேகமாக்கும் ஊக்கம்) வாங்கி, 60 தங்கம் வீதம் கொடுத்து ஆர்ச்சர் ஆக்குங்கள். எல்லை நகரத்துக்குச் சுவர். ஆரம்பத்துக்கு அது போதும்.

கடைசிக் கட்டம்தான் பலருக்கும் சறுக்குகிறது. ஸ்பேஸ்போர்ட் (விண்கலத் தளம்) மட்டும் 1,800 உற்பத்தி, டர்னுக்கு 60 உற்பத்தி உள்ள நகரத்தில் 30 டர்ன். தட்டையான கட்டம்தான் வேண்டும், மலைக்குன்றில் கட்ட முடியாது, ஆகவே இடத்தை முன்பே ஒதுக்குங்கள். எக்ஸோபிளானட் பயணம் (அறிவியல் வெற்றியின் கடைசித் திட்டம்) 50 ஒளியாண்டு, டர்னுக்கு 1 வீதம் நகரும். லேசர் நிலையம் ஒவ்வொன்றும் வேகத்தை 1 கூட்டும். நான்கு லேசர் என்றால் பயணம் 10 டர்ன், லேசர் இல்லாவிட்டால் 50. அதனால் ஸ்பேஸ்போர்ட் இரண்டு மூன்று நகரத்தில் இருப்பது நல்லது. தரை லேசருக்கு மின்சாரம் வேண்டும் என்பதை மறந்து பலர் மாட்டிக்கொள்கிறார்கள். உளவாளியை வெளிநாட்டுக்கு அனுப்பாமல் ஸ்பேஸ்போர்ட்டிலேயே காவல் வையுங்கள்.

கேள்வி: டிப்ளமேடிக் வெற்றியில் 18 புள்ளி வரை வருது, உடனே எல்லோரும் சேர்ந்து 2 புள்ளி பறிச்சிடறாங்க.

பதில்: தேவை 20. உலக காங்கிரஸில் (நாடுகள் ஓட்டுப் போடும் சபை) உங்களிடமிருந்து பறிக்கும் தீர்மானம் எப்படியும் ஜெயிக்கும் என்று தெரிந்தால் நீங்களும் உங்களுக்கு எதிராகவே ஓட்டுப் போடுங்கள். ஜெயித்த பக்கம் நின்றதற்கு 1 கிடைக்கும், நிகர இழப்பு 1 மட்டுமே. ஃபேவரை (ஓட்டு வாங்கும் ராஜதந்திரப் புள்ளி) அங்கே கொட்டாமல் மற்றத் தீர்மானங்களுக்கு வையுங்கள், முதல் ஓட்டு இலவசம், அடுத்தவை 10, 20, 30 என்று ஏறும். காங்கிரஸ் 30 டர்னுக்கு ஒரு முறை கூடுகிறது, நடுவில் புள்ளி சேர்க்கத்தான் அதிசயங்கள்: மகாபோதிக் கோயில் 2, பொட்டாலா அரண்மனை 1, லிபர்ட்டி சிலை 4. லிபர்ட்டி சிலையைக் கடைசிக்கு வைத்து, 16 வந்ததும் அடுத்த காங்கிரஸுக்கு முன் முடித்தால் பறிக்க அவர்களுக்கு வாய்ப்பே இருக்காது. வேறொருவர் முந்தும் அபாயம் உண்டு, அதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

போர் பழக்கமுள்ளவர்கள் இந்த வழிக்கு வராதீர்கள். திடீர்ப் போருக்கு 150 கிரீவன்ஸ் (உங்கள் மீது சேரும் மனக்குறைப் புள்ளி), கண்டனம் செய்து 5 டர்ன் கழித்துப் போடும் முறையான போருக்கு 100. அது ஃபேவரையும் அரிக்கும், பிறர் தலைநகரை வைத்திருந்தால் இன்னும் அரிக்கும்.

கேள்வி: ஆன்லைன் வேகத்தில் ஆடினால் எது சுலபம்?

பதில்: சமாதான வழி. அந்த வேகத்தில் ஆராய்ச்சியும் கட்டுமானமும் பாதி டர்னில் முடியும், ஆனால் படை நடப்பது அதே வேகம்தான். வாள்வீரர் எதிரி வாசலுக்குப் போவதற்குள் அங்கே மஸ்கட் நிற்கும். மாரத்தானில் நேர்மாறு: ஒரு ஜன்னல் நீண்ட காலம் திறந்திருக்கும், அது போர்க்காரர்களின் வேகம்.

கேள்வி: ஏழில் ஐந்து தலைநகரம் பிடித்துவிட்டேன், 210-வது டர்ன். மீதி இரண்டும் அடுத்த கண்டத்தில், அறிவியலில் என்னைவிட முன்னால் இருக்கிறார்கள். தொடரட்டுமா?

பதில்: கடல் தாண்டி, உங்களைவிட மேலான படையோடு மோதுவது வேண்டாம். போர்ச் சோர்வும் வெளிநாட்டு மண்ணில் வேகமாக ஏறும். உங்களிடம் ஐந்து நாட்டின் நகரங்கள் இருக்கின்றன, அது பெரிய உற்பத்தி. போரை நிறுத்திப் பிடித்த நகரங்களில் கேம்பஸும் இண்டஸ்ட்ரியல் ஸோனும் (தொழில் மாவட்டம்) போட்டு அறிவியல் வெற்றிக்குத் திரும்புங்கள். அவர்கள் முதலில் விண்கலம் விடுவார்களோ என்ற பயம் நியாயமானது, அதற்கு உளவாளிகளை அவர்களுடைய ஸ்பேஸ்போர்ட்டுக்கு அனுப்பி ராக்கெட் வேலையைக் குலையுங்கள். அதற்குள் விமானம் கைக்கு வந்து, அவர்கள் தலைநகரம் கரையோரம் இருந்தால் மட்டும் போரை மீண்டும் திறக்கலாம்: வீச்சு 3 உள்ள போர்க்கப்பல் மூன்று நான்கும் குண்டுவீச்சு விமானமும் சுவரை உடைக்கட்டும், நகரத்துக்குள் நுழைய ஒரு கைகலப்புப் படை கடலில் தயாராக நிற்கட்டும். விமானத்தாலும் போர்க்கப்பலாலும் நகரத்தைப் பிடிக்க முடியாது.