மகளை ஜப்பான் அரசுப் பள்ளியில் சேர்க்கும் முன்

ஜூனில் குடும்பத்தோடு டோக்கியோவின் நிஷிகசாய்க்கு வருகிறோம், மகளுக்கு எட்டு வயது, ஜப்பான் மொழி ஒரு எழுத்தும் தெரியாது, வீட்டில் சுத்த சைவம், அரசுப் பள்ளியில் போட்டால் ஒட்டிக்கொள்வாளா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒட்டிக்கொள்வாள். ஆனால் முதல் சில மாதங்கள் அவளைவிட உங்களுக்குத்தான் வேலை அதிகம். இங்கே பள்ளி நடப்பதே வீட்டுக்கு வரும் தாள்களை வைத்துத்தான். மாலையில் பையைத் திறந்து, தாள்களைப் படித்து, கேட்ட பொருளைக் கேட்டபடி மறுநாள் அனுப்பிவிட்டால் பாதிச் சிரமம் வராது.

முதலில் வீடு. எந்தப் பள்ளி என்பதைப் பெரும்பாலும் உங்கள் முகவரிதான் முடிவு செய்கிறது. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தனியாக ஜப்பான் மொழி சொல்லித்தரும் ஏற்பாடு எல்லாப் பள்ளியிலும் ஒரே அளவில் இருக்காது. அதனால் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே, நிஷிகசாய் இருக்கும் எதொகாவா வார்டின் கல்விக் குழுவிடம், அந்த முகவரிக்கு எந்தப் பள்ளி, அங்கே மொழி வகுப்பு உண்டா என்று கேட்டுவிடுங்கள். பாட நேரத்திலேயே பிள்ளையைத் தனியே அழைத்துக் கற்பிக்கும் முறை 2014 முதல் சட்டப்படி உண்டு. ஆண்டுக்கு 10 முதல் 280 பாடவேளை வரை கொடுக்கலாம். எவ்வளவு கிடைக்கும் என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். நீங்களாகக் கேட்டால்தான் பேச்சு தொடங்கும்.

குடியேறிய 14 நாளுக்குள் வார்டு அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அன்றே எல்லோருடைய தங்கும் அனுமதி அட்டையையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு கல்விக் குழுவின் கவுண்டருக்கும் போய்விடுங்கள். வெளிநாட்டவருக்குப் பள்ளி கட்டாயமில்லை என்பதால், நீங்கள் விண்ணப்பித்தால்தான் சேர்க்கை. கட்டணமும் பாடநூலும் இலவசம். வகுப்பு வயதைப் பார்த்துத்தான்: ஏப்ரல் 2 முதல் அடுத்த ஏப்ரல் 1 வரை பிறந்தவர்கள் ஒரே வகுப்பு. மொழி தெரியாததால் ஒரு வகுப்பு கீழே போடச் சொல்லிக் கேட்க இடமுண்டு. எட்டு வயதில் அது வேண்டாம் என்பேன், ஒத்த வயதுத் தோழிகள்தான் அவளுக்கு மொழி சொல்லித்தரப் போகிறார்கள்.

பள்ளியில் முதல் சந்திப்பில் மூன்று விஷயங்களை எழுதியே கொடுங்கள். ஒன்று, பெயர். நம் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்கும் இடத்தில் அப்பா பெயர்தான் இருக்கும். இங்கே வகுப்பில் குடும்பப் பெயரைச் சொல்லி அழைப்பதுதான் வழக்கம். சொல்லாமல் விட்டால் காலணி அலமாரி முதல் வருகைப் பதிவு வரை உங்கள் மகள் அப்பா பெயரிலேயே இருப்பாள். அவள் பெயரை, வெளிநாட்டுப் பெயர்களுக்கான கதகானா எழுத்தில் எப்படி எழுதுவது என்று ஒரு முறை முடிவு செய்து, அதையே எல்லாப் பொருளிலும் எழுதுங்கள். பென்சிலில்கூட ஒவ்வொன்றிலும் பெயர் வேண்டும்.

இரண்டு, பள்ளியே தரும் மதியச் சாப்பாடு. சைவம் என்று மட்டும் சொன்னால் மீன் சாறு கலந்த சூப் பரவாயில்லை என்றே நினைப்பார்கள். இறைச்சி, மீன், மீனில் செய்த தாஷி, ஜெலட்டின் என்று பட்டியலாகக் கொடுங்கள், முட்டை உண்டா இல்லையா என்பதையும் சேர்த்து. மாத உணவுப் பட்டியல் முன்கூட்டியே வரும், அதில் சேர்மானங்களும் இருக்கும். சோறு, ரொட்டி, பால், பழம் மட்டும் பள்ளியில், மற்றது வீட்டிலிருந்து என்று பல பள்ளிகள் ஒத்துக்கொள்ளும். சில பள்ளிகள் முழு டப்பாவும் கொண்டுவரச் சொல்லும். டப்பாவை வைக்கக் குளிர்பெட்டி இருக்காது. ஜூன், ஜூலைப் புழுக்கத்தில் தயிர் சாதம் மதியத்துக்குள் புளித்துவிடும், எலுமிச்சை சாதம், சப்பாத்தி போன்றவை தாங்கும். ஒரு ஐஸ் பையும் சேர்த்து வையுங்கள். பிஸ்கட், சாக்லேட் கொண்டுபோகக் கூடாது. தோழிக்கு ஊட்டிவிடுவதும் கூடாது, ஒவ்வாமை பயம். பாட்டிலில் தண்ணீர் அல்லது பார்லி டீ மட்டும்.

மூன்று, தோடு. நகைக்குத் தடை உள்ள பள்ளிகள் உண்டு. குழந்தையிலேயே காது குத்துவது எங்கள் மரபு என்று சொன்னால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள், சிறிய திருகுத் தோடாக இருந்தால். விளையாட்டு வகுப்பிலும் பள்ளி நீச்சல் குளத்திலும் கழற்றச் சொல்வார்கள். கழற்றி மாட்டப் பழக்கி அனுப்புங்கள்.

குளம் என்றதும் சொல்ல வேண்டியது: நீங்கள் வரும் ஜூன்தான் நீச்சல் தொடங்கும் மாதம். நீச்சல் நாளில் காலைக் காய்ச்சல் அளவைக் குறித்துப் பெற்றோர் முத்திரையோ கையெழுத்தோ போட்ட அட்டை பையில் இருக்க வேண்டும். அளவு 36.5 என்று எழுதிவிட்டுக் கையெழுத்தை மறந்தாலும் பிள்ளை கரையில்தான் உட்கார வேண்டும், ஆசிரியர் விட்டுக்கொடுக்க மாட்டார். அன்று தலைக்கு எண்ணெய் வேண்டாம்.

வாங்க வேண்டியவற்றில் உள்ளே அணியும் உவபாகி காலணி, விளையாட்டு உடை, சிவப்பு வெள்ளைத் தொப்பி, 2பி பென்சில்கள் முதல் வாரமே வேண்டும். நிலநடுக்கத்துக்கான தலைமூடி, துடைப்புத் துணி பற்றிப் பள்ளி சொல்லும். வெள்ளியன்று உவபாகி வீட்டுக்கு வரும், துவைத்துத் திங்களன்று அனுப்ப வேண்டும். மதிய உணவைப் பிள்ளைகளே முறைவைத்துப் பரிமாறுவார்கள், மகளின் முறை வந்தால் வெள்ளை அங்கியும் அப்படியே, இஸ்திரி போட்டு. வகுப்பறையைப் பிள்ளைகளே கூட்டித் துடைப்பார்கள். அது தண்டனை இல்லை என்று மகளிடம் முன்பே சொல்லிவையுங்கள். தோல் பையான ரன்தோசேரு புதிதாக வாங்க அவசரப்பட வேண்டாம். மூன்றாம் வகுப்பில் சேர்பவளுக்குச் சாதாரண முதுகுப்பையே போதுமா என்று பள்ளியிடம் கேளுங்கள், பழையதை இலவசமாகக் கொடுக்கும் குடும்பங்களும் உண்டு.

பள்ளிக்கு நடந்துதான் போக வேண்டும், காரில் விடக் கூடாது. பள்ளி குறித்துக்கொடுத்த வழியிலேயே போகப் பழக்குங்கள். வழியில் விபத்து என்றால் பள்ளிக் காப்பீடு வழக்கமான பாதையைத்தான் பார்க்கும். விடுப்பு என்றால் காலை வகுப்புக்கு முன்பே செயலியிலோ போனிலோ சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பிள்ளை வழியில் காணாமல் போய்விட்டதோ என்று தேடத் தொடங்கிவிடுவார்கள்.

திருத்திய தாள் வந்தால் கவனியுங்கள்: இங்கே வட்டம் போட்டால் சரி, நம் ஊரில் சரி என்று போடும் டிக் குறி இங்கே தவறு. முதல் கணக்குத் தாளைப் பார்த்துப் பாராட்டிவிட்டு அப்புறம் மதிப்பெண் ஏன் குறைவு என்று குழம்பும் பெற்றோர் பலர்.

கிளம்பும் முன் ஹிரகானா 46, கதகானா 46 எழுத்துகளைப் படிக்கச் சொல்லிக்கொடுங்கள், காஞ்சியை (சீனத்திலிருந்து வந்த எழுத்துகளை) இப்போதைக்கு விட்டுவிடுங்கள். மூன்றாம் வகுப்புக்காரர்கள் ஏற்கெனவே 240 காஞ்சி முடித்திருப்பார்கள், அதை ஒரே மாதத்தில் துரத்தினால் பிள்ளை வெறுத்துவிடுவாள். கூடவே சில பேச்சுகள்: வகரிமசேன் (புரியவில்லை), ஒனகா கா இத்தாய் (வயிறு வலிக்கிறது), யமெதே (வேண்டாம், நிறுத்து), இரெதே (என்னையும் சேர்த்துக்கோ). கடைசிச் சொல்தான் விளையாட்டு மைதானத்தின் சாவி.

முதல் இரண்டு வாரம் எல்லாப் பிள்ளைகளும் சூழ்ந்துகொள்வார்கள், புதுமை தீர்ந்ததும் விலகுவார்கள். சிணுங்கல் அப்போதுதான் வரும். எதொகாவாவின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் வகுப்பு முடிந்தபின் விளையாட 'சுகுசுகு ஸ்கூல்' உண்டு, தனியே பதிய வேண்டும். உடனே பதியுங்கள், வகுப்பைவிட அங்கேதான் மொழி வேகமாக வரும். யாராவது சீண்டினால் அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் நேரே போகாமல், வீட்டுக்கும் பள்ளிக்கும் போய்வரும் ரென்ராகுச்சோ நோட்டில் வகுப்பாசிரியருக்கு எழுதுங்கள்.

ஒரு வருடத்தில் கடகடவென்று பேசுவாள். பாடப் புத்தக மொழிக்கு இன்னும் பல ஆண்டு ஆகும், பேச்சைக் கேட்டு மொழி உதவியை நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். வீட்டில் தமிழிலேயே பேசுங்கள். இரண்டு மூன்று ஆண்டில் ஊர் திரும்புவது உறுதி என்றால் சிபிஎஸ்இ பாடத்திட்டத்தில் நடக்கும் இந்தியப் பள்ளிகள் எதொகாவாவிலும் கோத்தோ வார்டிலும் இருக்கின்றன, அதுவே நல்லது. இங்கேயே தங்குவதானால் உயர்நிலைப் பள்ளிக்கு நுழைவுத் தேர்வு உண்டு என்பதை மனதில் வைத்து, அரசுப் பள்ளியில் இப்போதே சேருங்கள். 13 வயதில் வந்து சேரும் பிள்ளைக்கு இருக்கும் நெருக்கடி எட்டு வயதுக்காரிக்கு இல்லை.