பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்: பழைய, போலி, அசல் வாட்ச்கள் பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: 1960-களில் வந்த சுவிஸ் வாட்ச் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. டயல் நேற்றுதான் செய்ததுபோல் பளிச்சென்று இருக்கிறது. நம்பி வாங்கலாமா?

முதலில் சந்தேகப்பட வேண்டியதே அந்தப் பளபளப்பைத்தான். அறுபது ஆண்டு கெடாமல் இருந்த டயல்கள் உண்டு. ஆனால் அப்படிப்பட்ட வாட்சில் முள், கண்ணாடி, கேஸ், கிரவுன் (சாவி கொடுக்கும் குமிழ்) எல்லாமே அதே நிலையில் இருக்கும். கேஸ் தேய்ந்து, லக்குகளின் (பட்டையைப் பிடிக்கும் கொம்புகளின்) ஓரம் மழுங்கி, டயல் மட்டும் புதுமெருகோடு இருந்தால் அது மறுபடி பெயின்ட் அடித்த டயல் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பத்து மடங்கு லென்ஸ் ஒன்று கையில் இருக்கட்டும். தொழிற்சாலையில் அச்சிட்ட எழுத்தின் ஓரம் கத்தியால் நறுக்கியதுபோல் இருக்கும். மை லேசாக மேடிட்டு, எல்லா எழுத்திலும் ஒரே கனத்தில் நிற்கும். மறுபடி அடித்த டயலில் எழுத்தின் முனைகள் கசிந்து தடித்திருக்கும். நிமிடக் கோடுகள் மணிக் குறிகளுக்கு நேராக வந்து சேராது. குரோனோகிராஃப் (நிறுத்துக் கடிகாரமும் சேர்ந்த வாட்ச்) என்றால் டயலின் சிறு உள்வட்டங்களில் இசைத்தட்டுபோல் நுண்ணிய வளையக் கோடுகள் இருக்கிறதா பாருங்கள். பழைய டயலைச் சுரண்டிப் புதுப் பெயின்ட் அடிக்கும்போது முதலில் அழிவது அந்தக் கோடுகள்தான்.

அடுத்து, இருட்டில் ஒளிரும் பூச்சு. பொதுவாகச் சொன்னால் 1960-களின் தொடக்கம் வரை ரேடியம், 1990-களின் கடைசி வரை டிரிட்டியம் (இரண்டும் கதிரியக்கப் பொருள்கள்), அதன் பிறகு வெளிச்சத்தை வாங்கிவைத்து ஒளிரும் லூமிநோவா வகை. டிரிட்டியம் பூசிய டயல்களில் ஆறு மணிக்குக் கீழே 'சுவிஸ்' என்ற சொல்லின் இரு பக்கமும் 'டி' என்ற எழுத்து இருப்பது வழக்கம். டிரிட்டியத்தின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையும் காலம், சுமார் 12.3 ஆண்டு. 1965-இல் பூசியது ஏறக்குறைய ஐந்து அரை ஆயுளைக் கடந்துவிட்டது. முப்பதில் ஒரு பங்குதான் மிச்சம். எனவே டார்ச் அடித்து அணைத்தால் ஏதோ கொஞ்சம் மினுங்கிவிட்டுச் சட்டென்று மங்க வேண்டும். பத்து நிமிடம் பச்சையாக எரிந்தால், அந்தப் பூச்சு பின்னால் வந்தது. முள்ளில் இருக்கும் பூச்சும் டயலில் இருக்கும் பூச்சும் ஒரே சாயலில் பழுத்திருக்கிறதா என்றும் பாருங்கள். டயல் சந்தன நிறம், முள் வெள்ளை நிறம் என்றால் முள் மாறியிருக்கிறது.

ரேடியம் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஒளி வரவில்லை என்பதால் அதன் வீரியம் போய்விட்டதாக நினைக்காதீர்கள். கெட்டுப்போனது ஒளிரச் செய்யும் துத்தநாக சல்பைடு; ரேடியத்தின் அரை ஆயுளோ சுமார் 1600 ஆண்டு. மூடிய வாட்சைவிட, உதிரும் பூச்சின் தூசி மூச்சில் போவதுதான் பெரிய ஆபத்து. வீட்டில் திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள், காற்றோட்டமில்லாத இடத்தில் ஏழெட்டைச் சேர்த்து வைக்காதீர்கள். ரேடியம் சிதைந்து ரேடான் வாயு வருகிறது.

கேள்வி: "எல்லாப் பாகமும் அதே கம்பெனியின் அசல் பாகம்தான்" என்கிறார் விற்பவர். அது போதாதா?

போதாது. அசல் பாகங்களை வெவ்வேறு வாட்ச்களிலிருந்து பொறுக்கிச் சேர்த்ததும் இந்தப் பேச்சுக்குள் அடங்கிவிடும். சேகரிப்பவர்கள் இதை 'ஃபிராங்கன் வாட்ச்' என்கிறார்கள். 2021 நவம்பரில் ஜெனீவாவில் நடந்த ஏலத்தில் 1957-ஆம் ஆண்டு ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 31 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்கு மேல் விலை போனது. வாங்கியது ஒமேகாவேதான், தன் அருங்காட்சியகத்துக்காக. 2023-இல், அது பல பாகங்களைச் சேர்த்து ஒட்டவைத்த வாட்ச் என்று அந்த நிறுவனமே அறிவித்தது. செய்த கம்பெனியே ஏமாறக்கூடிய இடத்தில் நாம் வெறும் வாய்ச்சொல்லை நம்பி நிற்கக் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியது மூன்று எண்களைப் பொருத்திப் பார்ப்பது: கேஸில் உள்ள மாடல் எண், மூவ்மென்ட்டின் (உள்ளே ஓடும் இயந்திரத்தின்) கேலிபர் எண், அதாவது வகை எண், மூவ்மென்ட்டின் வரிசை எண். உதாரணத்துக்கு, ஸ்பீட்மாஸ்டரில் 321 கேலிபர் போய் 861 வந்தது 1968 வாக்கில். வரிசை எண் 1970-களைக் காட்டுகிறது, டயலும் கேஸும் 1960-களின் தொடக்கத்தைக் காட்டுகின்றன என்றால் ஏதோ ஒன்று வேறு வீட்டிலிருந்து வந்திருக்கிறது.

விலையின் பெரும் பங்கை டயல் சுமக்கும் மாடல்களில் இரட்டிப்புக் கவனம் தேவை. ரோலெக்ஸ் டேட்டோனாவில் 'பால் நியூமன்' டயலைச் சாதாரண டயலிலிருந்து பிரித்துக் காட்டுவது உள்வட்டக் கோடுகளின் நுனியில் உள்ள சிறு சதுரங்கள். ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த வாட்சே 2017-இல் நியூயார்க்கில் 1.77 கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது. ஒரு தகடு மாறினால் விலை பல மடங்காகும் என்றால், அந்தத் தகட்டைப் போலியாகச் செய்பவர்களும் இருப்பார்கள்.

சர்வீஸில் மாற்றிய முள்ளோ டயலோ குற்றமல்ல. அணிவதற்கு அது நல்லதுகூட. அதைச் சொல்லி, விலையைக் குறைத்து விற்க வேண்டும். அவ்வளவுதான்.

கேள்வி: பெட்டி, கார்டு, ரசீது எல்லாம் சேர்த்து ஒரு ரோலெக்ஸ் சப்மரினர் தருகிறார்கள். போலியா அசலா என்று நானே கண்டுபிடிக்க வழி உண்டா?

பெட்டியும் கார்டும் தனியாகவே விலைக்குக் கிடைக்கின்றன, போலியும் கிடைக்கிறது. அவற்றைச் சாட்சியாக எடுக்காதீர்கள்.

பலரும் சொல்லித்தரும் பழைய சோதனைகளும் இன்று உதவாது. "வினாடி முள் வழுக்கிக்கொண்டு போனால் அசல்" என்பார்கள். அசலில் முள் வினாடிக்கு எட்டு அடி வைக்கிறது, மணிக்கு 28,800 துடிப்பு. நல்ல போலிகளும் இப்போது அதே வேகத்தில்தான் ஓடுகின்றன. எடை, தேதிக்கு மேல் உள்ள 2.5 மடங்கு லென்ஸ், கண்ணாடியில் ஆறு மணிக்குக் கீழே லேசரால் பொறித்த பொடிக் கிரீடம் எல்லாவற்றையும் நகலெடுத்துவிட்டார்கள். இவை தப்பாக இருந்தால் போலி என்று சொல்லலாம். சரியாக இருப்பதால் அசல் என்று சொல்ல முடியாது. சப்மரினரில் உள்ளே தெரியும் கண்ணாடிப் பின்மூடி இருந்தால் மட்டும் யோசிக்காமல் திரும்பி வந்துவிடுங்கள். அப்படி ஒன்றை ரோலெக்ஸ் செய்ததில்லை.

தீர்ப்பு உள்ளே இருக்கிறது. பின்மூடியின் பற்களுக்குப் பொருந்தும் சாவியோடு, விவரம் தெரிந்த மெக்கானிக் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். 1988-இல் வந்து பல ஆண்டு சப்மரினரில் ஓடிய 3135 கேலிபரை எடுத்துக்கொண்டால், பேலன்ஸ் வீலுக்கு (இங்குமங்கும் ஊசலாடி வேகத்தை நிர்ணயிக்கும் சக்கரத்துக்கு) மேல் உள்ள பாலம் இரண்டு பக்கமும் திருகி நிற்கும். வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் மற்ற பல வாட்ச்களில் ஹேர்ஸ்பிரிங்கை (அந்தச் சக்கரத்தோடு சேர்ந்த மெல்லிய சுருள்வில்லை) பிடித்திருக்கும் நெம்புகோல் இதில் இருக்காது. வேகம் திருத்துவது பேலன்ஸ் வளையத்தின் உள்பக்கம் உள்ள பொன்னிறச் சிறு நட்டுகளைத் திருப்பித்தான். பாலத்தை அப்படியே நகலெடுத்து, நட்டுகளை அலங்காரத்துக்கு ஒட்டி, அடியில் நெம்புகோலை ஒளித்துவைத்த போலிகள் இருக்கின்றன. மெக்கானிக் தேட வேண்டியது அந்த நெம்புகோலை. திருகுகளின் தலையையும் பார்க்கச் சொல்லுங்கள். அசலில் பள்ளத்தின் விளிம்பு கூர்மையாக, பிசிறில்லாமல் இருக்கும்.

இதைவிடச் சுலபமான வழி ஒன்றும் இருக்கிறது. பணம் கைமாறும் முன் விற்பவரும் நீங்களும் சேர்ந்து கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் மையத்துக்குப் போய், சர்வீஸ் மதிப்பீடு கேளுங்கள். போலி என்றால் அதை அவர்கள் வேலைக்கு எடுக்க மாட்டார்கள். விற்பவர் இதற்குச் சாக்குச் சொன்னால் பேரத்தை அதோடு முடித்துக்கொள்ளுங்கள். வரிசை எண்ணை 'தி வாட்ச் ரெஜிஸ்டர்' போன்ற திருட்டு வாட்ச் பதிவேட்டிலும் தேடிப் பாருங்கள். அசலே ஆனாலும் திருட்டுப் பொருள் என்றால் கடைசியில் உங்கள் கையில் தங்காது.

கேள்வி: அசல் வாங்க வசதியில்லை. ரெப்ளிகா என்று தெரிந்தே வாங்கி அணிந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

நஷ்டம் உங்களுக்குத்தான். அடுத்தவர் வணிகச் சின்னத்தைப் போட்டு விற்பது சட்டப்படி குற்றம். சுங்கச் சோதனையில் பிடித்தால் பறிமுதல். பிரான்ஸ், இத்தாலி போன்ற நாடுகளில் வாங்கியவருக்கும் அபராதம் விழலாம். அதை விடுங்கள், பொருளாகவே பார்ப்போம். நின்றுபோனால் பாகம் கிடைக்காது. பின்மூடியில் 300 மீட்டர் என்று எழுதியிருக்கும், அழுத்தச் சோதனை யாரும் செய்திருக்க மாட்டார்கள். முலாம் தேய்ந்து அடியிலுள்ள நிக்கல் வெளியே வந்தால் சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும். வாங்கிய விலைக்கு நேர்மையாக விற்கவும் முடியாது.

நல்ல ரெப்ளிகாவுக்குக் கேட்கும் பணத்தில் சொந்தப் பெயரோடு வரும் தரமான ஆட்டோமேட்டிக் கிடைக்கும். சீகோவின் என்எச்35 மூவ்மென்ட் போட்ட வாட்ச்களைப் பாருங்கள்: 24 கல் (உராய்வைக் குறைப்பவை), மணிக்கு 21,600 துடிப்பு, 41 மணி நேரம் ஓடும், கையாலும் சாவி கொடுக்கலாம், உலகத்தில் எந்த மெக்கானிக்கும் பார்த்த இயந்திரம். முள் இன்னும் சீராக ஓட வேண்டுமென்றால் 28,800 துடிப்புள்ள மியோட்டா 9015. பிரபல மாடலின் சாயலில், ஆனால் தன் பெயரையே போட்டு விற்கும் வாட்ச்களை 'ஹோமேஜ்' என்பார்கள். சாயல்தான் பிடித்தது என்றால் அதை வாங்குங்கள். யாரிடமும் எதையும் மறைக்க வேண்டியதில்லை.

கேள்வி: டைம்கிராஃபரில் (வாட்சின் ஓட்டத்தை அளக்கும் கருவியில்) வைத்துப் பார்த்தேன், நாளுக்கு 2 வினாடிதான் அதிகம் ஓடுகிறது. சர்வீஸ் தேவையில்லை என்கிறார்களே?

அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எண்ணெய் வற்றிய வாட்சையும் நெம்புகோலைத் தட்டி 2 வினாடிக்குக் கொண்டுவந்துவிடலாம். பார்க்க வேண்டியது ஆம்ப்ளிடியூட், அதாவது பேலன்ஸ் வீல் நடுநிலையிலிருந்து ஒரு பக்கம் எத்தனை டிகிரி சுழல்கிறது என்பது. முழுதாகச் சாவி கொடுத்து, டயல் மேலே பார்க்கப் படுக்கவைத்தால் 270 முதல் 310 டிகிரி வரை நல்லது. 18,000 துடிப்புள்ள பழைய மூவ்மென்ட்டுக்கு 250 வந்தாலே திருப்திப்படலாம். பிறகு கிரவுன் கீழே, கிரவுன் மேலே எனச் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள். 20 முதல் 40 டிகிரி குறைவது இயல்பு. முழுச் சாவியிலேயே 220-க்குக் கீழே போனால் எண்ணெய் உறைந்திருக்கிறது, அல்லது ஏதோ ஒரு அச்சு தேய்ந்திருக்கிறது. அப்படியே ஓடவிட்டால் காய்ந்த அச்சு உலோகத்தையே அரைக்கும். சர்வீஸ் செலவோடு பாகச் செலவும் சேரும். பீட் எரர், அதாவது 'டிக்'குக்கும் 'டாக்'குக்கும் உள்ள நேர வேறுபாடு, 0.8 மில்லி வினாடிக்குள் இருக்கட்டும்.

கருவியில் 'லிஃப்ட் ஆங்கிள்' (ஒரு துடிப்பில் பேலன்ஸ் வீல் உந்துதல் பெறும் கோணம்) சரியாகப் போட்டார்களா என்று கேளுங்கள். கேலிபருக்குக் கேலிபர் அது மாறும். ஒரு டிகிரி தவறினாலே ஆம்ப்ளிடியூட் ஐந்து டிகிரி மாறிக் காட்டும்.

நேற்றுவரை சரியாக ஓடியது இன்று நாளுக்கு ஐந்து நிமிடம் முந்துகிறதா? பெரும்பாலும் காந்தம்தான் காரணம். ஹேர்ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி, நீளம் குறைந்ததுபோல் வேகமாகத் துடிக்கும். ஸ்பீக்கர், பையின் காந்தப் பூட்டு, டேப்லெட் உறை இவற்றின் பக்கத்தில் வைத்தாலே போதும். திசைகாட்டியை அருகில் கொண்டுபோங்கள், முள் ஆடினால் காந்தம் ஏறியிருக்கிறது. காந்தம் எடுக்கும் கருவியில் சில வினாடி வேலை, திறக்கவே வேண்டாம்.

கேள்வி: கீறல் விழுந்த பழைய கேஸைப் பாலீஷ் போடலாமா?

வேண்டாம். ஒவ்வொரு பாலீஷும் உலோகத்தை எடுக்கிறது. லக்கின் மேல் இருந்த சாய்வு விளிம்பு கரைந்து, லக் துளைகள் ஓரத்தை நெருங்கி, வாட்ச் சோப்புக்கட்டிபோல் ஆகிவிடும். சேகரிப்பவர் கண் முதலில் போகும் இடம் அது. அக்ரிலிக் கண்ணாடியின் கீறல் மட்டும் விதிவிலக்கு, மெருகுப் பசையால் வீட்டிலேயே தேய்த்து எடுக்கலாம்.

கேள்வி: 30 மீட்டர் என்று எழுதியிருக்கிறது. குளிக்கலாம்தானே?

கூடாது. 30 மீட்டர் என்பது புது வாட்சை அசையாத அழுத்தத்தில் சோதித்த கணக்கு. கை கழுவும்போது தெறிப்பதைத் தாங்கும், அவ்வளவே. நீந்த 100 மீட்டர் வேண்டும். அதுவும் ரப்பர் வளையங்கள் மாற்றி, அழுத்தச் சோதனை செய்த பிறகு. சுடுநீரும் சோப்பும் அந்த வளையங்களுக்குப் பகை. பழைய வாட்சில் என்ன எழுதியிருந்தாலும் தண்ணீர் பக்கமே வேண்டாம்.

கண்ணாடிக்குள் ஆவி தெரிந்தால் வெயிலில் வைத்துக் காய வைக்காதீர்கள். ஆவி உள்ளேயே சுற்றி மறுபடி படியும். அன்றைக்கே மெக்கானிக்கிடம் கொடுங்கள். கிரவுனுக்கு உள்ளே இருக்கும் இரும்புப் பாகங்கள் சில நாளிலேயே துருப்பிடிக்கத் தொடங்கும்.

கேள்வி: ஆறு வாட்ச் இருக்கிறது, மாற்றி மாற்றிக் கட்டுகிறேன். வைண்டர் (கட்டாதபோதும் வாட்சைச் சுழற்றி ஓடவைக்கும் பெட்டி) வாங்க வேண்டுமா?

தேவையில்லை. நின்ற வாட்ச் தேய்வதில்லை. நிரந்தர நாள்காட்டி உள்ள மாடல் என்றால் மட்டும் வைண்டர் உதவும், அதைச் சரிசெய்வது சிரமம். மற்றவற்றை எடுக்கும்போது 20 முதல் 30 சுற்று சாவி கொடுத்துக் கட்டுங்கள். ஆட்டோமேட்டிக் அல்லாத கைச்சாவி வாட்சில் இறுக்கம் தெரிந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். தேதி மாற்றும்போதுதான் அதிகம் உடைகிறது. இரவு 9 மணியிலிருந்து 3 மணிவரை தேதிச் சக்கரத்தின் பல் கோத்திருக்கும். அப்போது கிரவுனால் தேதியைத் தள்ளினால் பல் முறியலாம். முள்ளை முதலில் கீழே ஆறரைக்குக் கொண்டுவாருங்கள், தேதியை நேற்றைய தேதியில் நிறுத்துங்கள், பிறகு நள்ளிரவைத் தாண்டி முன்னோக்கித் திருப்பி இன்றைய நேரத்துக்கு வாருங்கள். அப்படிச் செய்தால் காலையா மாலையா என்ற குழப்பமும் வராது.