சான்பிரான்சிஸ்கோ கேட்டால் மஞ்சள் கடல்

கேள்வி: கணினியில் விமானம் ஓட்டும் ஃபிளைட்கியர் சிமுலேட்டரில் சான்பிரான்சிஸ்கோ விமான நிலையத்திலிருந்து கிளம்ப ஆசைப்பட்டு அட்சரேகை 37.62, தீர்க்கரேகை 122.38 என்று கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் என் செஸ்னா என்ற சிறிய விமானம் கடலில்தான் நிற்கிறது. இரண்டு முறை அழித்துவிட்டு மறுபடி நிறுவியும் பயனில்லை.

பதில்: தயவுசெய்து மூன்றாவது முறை நிறுவாதீர்கள், மென்பொருளில் கோளாறே இல்லை. தீர்க்கரேகைக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி விட்டுப்போயிருக்கிறது. மேற்குத் தீர்க்கரேகை என்றால் மைனஸ், அதாவது -122.38. அது இல்லாவிட்டால் கிழக்கு என்றுதான் சிமுலேட்டர் எடுத்துக்கொள்ளும். கிழக்கே அதே எண்களில் இருப்பது சீனாவின் ஷான்டோங் தீபகற்பத்தை ஒட்டிய மஞ்சள் கடல்.

குறியைச் சேர்த்த பிறகும் தண்ணீர்தான் தெரிகிறதா? அப்போது காரணம் வேறு. அந்தப் பகுதியின் சீனரி, அதாவது நிலக்காட்சிக் கோப்புகள், கணினியில் இல்லாவிட்டால் ஃபிளைட்கியர் நிலத்துக்குப் பதிலாகக் கடலைக் காட்டிவிடும். டெர்ராசிங்க் வசதியை இயக்கி, இணைய இணைப்போடு கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள், சீனரி தானாக இறங்கும். இரண்டில் எது என்று தெரியாமல் குழம்ப வேண்டியதில்லை, மெனுவில் உள்ள மேப்பைத் திறந்து பாருங்கள். விமானம் சரியான இடத்தில் இருந்தும் சுற்றிலும் கடல் என்றால் சீனரிப் பிரச்சினை, விமானமே வேறு ஊரில் இருந்தால் எண் பிரச்சினை. இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன், ஒரு நிமிட வேலை, பல மணி நேரம் மிச்சம்.

எண்களில் இன்னொரு தவறும் நடக்கும். அந்த விமான நிலையத்தின் அட்சரேகை 37 டிகிரி 37 நிமிடம். அதை 37.37 என்று எழுதக் கூடாது, ஒரு டிகிரிக்கு 60 நிமிடம் என்பதால் நிமிடமான 37ஐ 60ஆல் வகுத்து, வரும் 0.62ஐ டிகிரியோடு சேர்த்து 37.62 என்று எழுத வேண்டும், இல்லையென்றால் சுமார் 27 கிலோமீட்டர் தெற்கே போய் நிற்பீர்கள். நீங்கள் அதைச் சரியாகத்தான் கொடுத்திருக்கிறீர்கள். ஆனால் விமான நிலையத்தில்தான் தொடங்கப் போகிறீர்கள் என்றால் இந்த எண்களே எதற்கு? கே.எஸ்.எஃப்.ஓ. என்ற குறியீட்டையும் 28ஆர் என்ற ரன்வேயையும் கொடுத்தால் போதும், ஓடுபாதையின் முனையில் சரியான திசை பார்த்து நிற்கும்.

கேள்வி: தொடக்க உயரம் 3000 என்று கொடுத்தால் விமானம் உடனே விழுகிறதே?

பதில்: உயரம் கொடுத்தால் தொடக்கம் வானத்தில், ஆனால் வேகம் கொடுக்கவில்லை, அதனால் இறக்கைக்குத் தாங்கும் காற்று கிடைக்காமல் ஸ்டால் ஆகிறது. செஸ்னா 172க்கு 100 நாட் வேகத்தையும் சேர்த்துக் கொடுங்கள். அப்புறம், உயரம் கடல் மட்டத்திலிருந்து அடிக்கணக்கில். லடாக்கில் உள்ள லே விமான நிலையமே 10,000 அடிக்கு மேல் இருக்கிறது, அங்கே 3000 என்றால் அது தரைக்கும் கீழே.