நேபாளத்தில் மலையேற்றம் போகும்போது குழந்தைகள் மிட்டாய், பேனா கேட்டால் கொடுக்கலாமா? உங்கள் அனுபவம் என்ன?

நடைபாதையில் வைத்துக் கொடுக்காதீர்கள். அதற்காகக் கண்டும் காணாததுபோல் விலகிப் போகவும் வேண்டாம். நின்று பேசலாம், விளையாடலாம்.

நான் நடந்தது அன்னபூர்ணா பக்கம். உல்லேரி, கோரேபானி, காந்த்ருக் வழி. உல்லேரி ஏற மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கல்படிகள். நாம் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருப்போம். நீலச் சட்டை போட்ட பள்ளிப் பிள்ளைகள் தடதடவென்று இறங்கி வருவார்கள். ஒரு "நமஸ்தே", கையோடு "சாக்லேட்? பென்?". இதைப் பசி என்று நினைத்துவிடக் கூடாது. பல வருஷமாக வருகிறவர்கள் கொடுத்துப் பழக்கியது. பாதையை விட்டுக் கொஞ்சம் ஒதுங்கிய வீடுகளில் அதே வயசுப் பிள்ளைகள் எதுவும் கேட்பதில்லை, நம்மை வேடிக்கை பார்ப்பதோடு சரி.

மிட்டாய் தின்று பல் சொத்தையானால் ஒரு நல்ல பல் மருத்துவரைப் பார்க்கப் போக்ரா நகரம் வரை இறங்க வேண்டும். அதைவிட, கை நீட்டினால் கிடைக்கும் என்று தெரிந்துவிட்டால் அந்த வயசில் யார்தான் நீட்ட மாட்டார்கள்? பெற்றோருக்கு இது பிடிப்பதே இல்லை. டீக்கடை தீதி (அக்கா) ஒருவர், கேட்ட தன் பையனை என் முன்னாலேயே அதட்டி உள்ளே அனுப்பினார்.

விளையாட்டு விஷயம் வேறு. ரப்பர் பேண்டுகளைக் கொத்தாகக் கட்டி, கீழே விழாமல் பாதத்தின் உட்புறத்தால் தட்டிக்கொண்டே எண்ணுவார்கள். சுங்கி என்று பெயர். ட்ரெக்கிங் பூட்ஸோடு முயன்றால் மானம் போகும், எனக்குப் போனது. ஆனால் காந்த்ருக்கில் ஒரு வீட்டு முற்றத்தில் இரண்டு சிறுமிகள் கூழாங்கல்லைத் தூக்கிப் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தால் நம்ம அஞ்சாங்கல்! அவர்கள் கட்டா என்கிறார்கள். நானும் உட்கார்ந்தேன். ஒன்றான், இரண்டான் வரை தட்டுத் தடுமாறி வந்தேன். மூன்றில் கல் ஓடிப்போய்க் கோழியைத் துரத்தியது. மூத்தவள் என் விரல்களைப் பிடித்து, கையை எவ்வளவு குழிக்க வேண்டும் என்று வைத்துக் காட்டினாள். எங்களுக்குள் பேச்சு ஹிந்தியில்தான். டிவி பார்த்தே கற்றதாம், என்னுடையதைவிட நன்றாக இருந்தது. சாக்லேட் பேச்சே வரவில்லை.

பேனா, நோட்டு கொண்டுபோயே தீர வேண்டும் என்றால் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியரிடம் கொடுங்கள். கவனிக்க: நாம் போகிற சீசனில்தான் தசைன் (நம் தசரா), திகார் பண்டிகை விடுமுறைகளும் வரும், பள்ளி மூடியிருக்கலாம். சனிக்கிழமையும் லீவு. படம் எடுப்பதென்றால் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

காத்மாண்டு, போக்ராவில் "அநாதை இல்லம் பார்க்க வாருங்கள்" என்று அழைத்தால் போகாதீர்கள். அங்கே இருக்கும் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். படிக்கவைப்பதாகச் சொல்லி மலை மாவட்டங்களிலிருந்து கூட்டிவந்து, சுற்றுலாக்காரர்களின் நன்கொடைக்குக் காட்சியாக வைக்கிற இல்லங்களும் உண்டு.

ஒரே விதிவிலக்கு திகார், நம் தீபாவளியை ஒட்டி வருவது. பிள்ளைகள் கூட்டமாக வீடு வீடாக, லாட்ஜுகளுக்கும்கூட வந்து தேவுசி, பைலோ என்ற திகார் பாட்டுகளைப் பாடி ஆடுவார்கள். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் "தேவுசிரே" என்று சேர்ந்து முழங்குவார்கள். அரிசி, செல் ரொட்டி (அரிசி மாவில் வளையமாகப் பொரித்தது), காசு கொடுத்து அனுப்புவது ஊர் வழக்கம். நீங்களும் தாராளமாகக் கொடுங்கள், கூப்பிட்டால் ஆடவும் செய்யுங்கள். நேபாள ரூபாயில் சின்ன நோட்டுகளைப் போக்ராவிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். மேலே ஆயிரம் ரூபாய்க்குச் சில்லறை கேட்டால் லாட்ஜ்காரர் உதட்டைப் பிதுக்குவார்.